ஒல்லாந்தர் விட்டுச்சென்ற கோட்டைகள்

ஒல்லாந்தர் கட்டிய நகரம் என்றதும் நம்மிற் பலருக்கு நினைவுக்கு வருவது காலி மாநகரமே. ஆனால் ஒல்லாந்தர் ஆட்சிக்கு இலங்கையில் முதன்முதல் வாயில் திறந்தது நமது கீழ்க்கரைதான். கல்முனையிலிருந்து சுமார் 40 கிலோமீற்றர் தொலைவில், புளியந்தீவில் நிற்கும் மட்டக்களப்புக் கோட்டையே அதற்குச் சான்று.

போர்த்துக்கேயர் 1628இல் எழுப்பிய இக்கோட்டையை, 1638 மே மாதத்தில் ஒல்லாந்தத் தளபதி வெஸ்டர்வோல்ட், கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனின் துணையுடன் கைப்பற்றினார். சில தினங்களில் இரு தரப்பாரும் உடன்படிக்கை ஒன்றிற் கைச்சாத்திட்டனர். பிடிபடும் கோட்டைகளில் மன்னன் விரும்பினால் மட்டுமே ஒல்லாந்தர் படை நிறுத்தலாம் என்பது மன்னன் கொண்ட கருத்து. ஒல்லாந்தரது பிரதியிலோ "மன்னன் விரும்பினால்" என்ற நிபந்தனை காணப்படவில்லை! அதனால் எழுந்த பிணக்கு நெடுங்காலம் நீடித்தது. இஞ்சியைக் கொடுத்து மிளகாயை வாங்கிய கதை என்று சிங்கள மக்கள் இன்றும் கூறுவர். கையொப்பமிடுமுன் வாசித்தறிய வேண்டும் என்பதற்கு இதனினும் சிறந்த பாடம் வேறென்ன?

1640இல் காலியைப் பிடித்த ஒல்லாந்தர், 1663 முதல் அதன் மதில்களைப் பெருப்பித்துக் கட்டினர். பழைய வாயிலின் உட்புறத்தில் 1669 என்ற ஆண்டும் கொம்பனியின் சின்னமும் இன்றும் துலங்குகின்றன. 1755இற் கட்டிய தேவாலயமும் பழைய பண்டகசாலையும் அங்குண்டு. அப்பண்டகசாலையிலேயே 1992இல் கடல்சார் நூதனசாலை திறக்கப்பட்டது. 1988இல் அந்நகரம் உலக மரபுரிமைத் தலமாயிற்று. கொழும்புப் புறக்கோட்டையிலும், ஒல்லாந்தத் தேசாதிபதி ஒருவர் வாழ்ந்த மாளிகை 1982 முதல் ஒல்லாந்தர் கால நூதனசாலையாக விளங்குகின்றது.

2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் பொங்கியபோது, காலியின் தடித்த மதில்கள் உள்ளிருந்த பழைய நகரைப் பெரிதும் காத்தன. மதிலுக்கு வெளியே பேரழிவு நேர்ந்தது. 1659இற் காலித் துறைமுகத்தில் மூழ்கிய 'அவொன்ட்ஸ்டர்' கப்பலிலிருந்து அரும்பாடுபட்டு எடுத்த பொருட்களிற் பலவற்றையும் அலை கொண்டுபோயிற்று. அதே நாளில் நமது கல்முனைக் கரையும் பட்ட துயரத்தை நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. முந்நூறு ஆண்டுகள் கடலடியில் தப்பியிருந்த பொருள் ஒரே காலைப்பொழுதில் மறையக்கூடுமெனின், நமது வீட்டுப் பெட்டகங்களில் செல்லரிக்கும் ஓலைச்சுவடிகளுக்கும் பழைய காணி உறுதிகளுக்கும் கோயிற் கணக்கேடுகளுக்கும் என்ன பாதுகாப்பு உண்டு?

1961இல் அம்பாறை மாவட்டம் பிரியும்வரை நாமும் மட்டக்களப்பு மாவட்டத்தவரே. நமது பாட்டன்மார் காணி அலுவலாக ஏறியிறங்கிய கச்சேரி அக்கோட்டைக்குள்ளேயே இருந்தது. நாம் வழங்கும் 'கந்தோர்', 'துட்டு' எனும் சொற்களும் ஒல்லாந்தர் தந்தவையே. இவ்வரலாறு இந்துக்களுக்கும் இஸ்லாமிய சகோதரர்களுக்கும் பொதுவானது.

ஆதலின் இளைஞர்களே, கோட்டையைச் சென்று பாருங்கள்; திரும்பி வந்து வீட்டுப் பெட்டகத்தையும் திறந்து பாருங்கள். பெரியோர்களே, நீங்கள் அறிந்தவற்றை அவர்களுக்குச் சொல்லுங்கள். அவர்கள் எழுதி வைக்கட்டும். கல்லாற் கட்டியது நானூறு ஆண்டு நிற்கும். சொல்லாமல் விட்டது ஒரு தலைமுறையும் நில்லாது.