பிரெக்சிட்
பிரிட்டன் என்பதன் முதற்பகுதியும் வெளியேறலைக் குறிக்கும் எக்சிட் என்னும் ஆங்கிலச் சொல்லும் ஒட்டிப் பிறந்து, ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு பிரிட்டன் விலகியதைச் சுட்டும் கலப்புச்சொல் இது. கிரேக்க நாடு யூரோ நாணயத்தைக் கைவிடக்கூடும் என்ற பேச்சு எழுந்த 2012 பிப்ரவரியில் சிட்டி வங்கிக் குழுமத்தின் பொருளியலாளர் இருவர் ஆக்கிய கிரெக்சிட் என்பதே இதற்கு முன்மாதிரியாக அமைய, அவ்வாண்டு மே மாதத்தில் பீட்டர் வைல்டிங் என்பவர் பிரெக்சிட் என்பதை எழுத்தில் கையாண்டார். அவர் பிரிட்டன் ஒன்றியத்தில் நீடிப்பதை ஆதரித்தவர் என்பது சொல்வரலாற்றின் குறும்பு. தமிழில் வெளியேற்றம் என்பது பிறரால் அகற்றப்படுவதையும் சுட்டுமாதலால், தானே விலகும் இச்செயலுக்கு வெளியேறல் என்பதே பொருந்தும்.

சொல்லின் முற்பாதியும் துல்லியமானதன்று. பிரிட்டன் என்பது இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் ஆகியவை அடங்கிய தீவைக் குறிக்க, 2020 ஜனவரி 31-இல் ஒன்றியத்தை விட்டு விலகியதோ வட அயர்லாந்தையும் உள்ளடக்கிய ஐக்கிய முடியரசு. அதனினும் பெரிய பிணக்கு ஸ்காட்லாந்தைப் பற்றியது: 2014 வாக்கெடுப்பில் தனிநாடு வேண்டாமென 55 விழுக்காட்டினர் வாக்களித்த அந்நிலம், 2016 ஜூன் 23-இல் ஒன்றியத்தில் நீடிப்பதா விலகுவதா என்ற வாக்கெடுப்பில் ஐக்கிய முடியரசு முழுவதும் 51.9 விழுக்காட்டினர் விலகலைத் தேர்ந்தபோது, 62 விழுக்காட்டு வாக்குகளால் நீடிப்பையே வேண்டியது. அதனால் மீண்டெழுந்த தனிநாட்டுக் கோரிக்கைக்கு, ஐக்கிய முடியரசின் வெஸ்ட்மின்ஸ்டர் நாடாளுமன்றத்தின் இசைவின்றி வாக்கெடுப்புக்கான சட்டம் இயற்ற ஸ்காட்லாந்து நாடாளுமன்றத்துக்கு அதிகாரமில்லை என 2022 நவம்பரில் ஐக்கிய முடியரசின் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு தடையாயிற்று.