ஷூட்டரை மறிப்பதா, எறிதலைக் குறைப்பதா? அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் மும்புள்ளித் தடுப்பின் வளர்ச்சி

தொலைவிலிருந்து தவறாமல் கூடை போடும் அணியை எதிர்கொள்ளும்போது, யார் யாரைக் காப்பது? அமெரிக்க ஆண்கள் கல்லூரிக் கூடைப்பந்தில் இக்கேள்விக்கான விடை மாறிவந்த வழியை நான்கு ஆட்டங்களைக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது. சிறந்த ஷூட்டரைக் கட்டிப்போடுவதில் தொடங்கிய தடுப்பாட்டம், எந்த எறிதலை விட்டுக்கொடுக்கலாம் என்ற கணக்கில் வந்து நின்றது என்பதே இதன் வாதம்.

1. கோடு வந்த பருவம்

மும்புள்ளிக் கோடு 1986–87 பருவத்தில் கல்லூரி ஆட்டம் முழுவதற்கும் பொதுவானது. தொலைவு 19 அடி 9 அங்குலம். அப்பருவத்தின் இறுதியாட்டத்தில் இந்தியானாவின் ஸ்டீவ் ஆல்ஃபோர்ட் 10 மும்புள்ளி முயற்சிகளில் 7-ஐக் கூடையாக்கினார். கடைசி நொடிகளில் எதிரணியான சிரக்யூஸ் அவரிடம் பந்து சேராதபடி நெருக்கியது. பந்து கீத் ஸ்மார்ட்டின் கைக்குப் போனது. அவர் போட்ட கூடையால் இந்தியானா 74–73 என வென்றது. மறிப்பு பலித்தும் ஆட்டம் கைநழுவியது.

2. ஒருவருக்கு இருவர்

இதே பாடம் 2008 நவம்பரில் மிகையான வடிவில் திரும்பியது. டேவிட்சன் கல்லூரியின் ஸ்டீஃபன் கர்ரியை ஆட்டம் முழுதும் இருவரை வைத்துக் காத்தது மேரிலாந்து லயோலா. கர்ரி எடுத்த புள்ளி பூஜ்யம். ஆனால் மீதி நால்வரை மூவரே சமாளிக்க வேண்டியிருந்ததால் டேவிட்சன் 78–48 என வென்றது.

3. பேக் லைன்

பயிற்சியாளர் டிக் பென்னெட் வகுத்த ‘பேக் லைன்’ முறை எதிர்த்திசையில் போனது. பந்து வைத்திருப்பவரை ஒருவர் நெருக்குவார். மற்ற நால்வரும் கூடையிலிருந்து சுமார் 16 அடியில் கற்பனைக் கோடு ஒன்றுக்குள் நின்று, பந்து வெளியே போனதும் பாய்ந்து சென்று கையை உயர்த்துவார்கள். அவர் மகன் டோனி பென்னெட் பயிற்றுவித்த வர்ஜீனியா இம்முறையால் வலுப்பெற்றது. எனினும் 2018 தேசியத் தொடரில் முதல் தர வரிசையில் இருந்த அந்த அணி, 16-ஆம் தர வரிசையில் இருந்த யூஎம்பிசி அணியிடம் 74–54 எனத் தோற்றது. யூஎம்பிசி 24 முயற்சிகளில் 12 மும்புள்ளிகள் போட்டது. உள்வட்டத்தைக் காப்பதற்கான விலை அன்று கோட்டுக்கு வெளியே வசூலானது. மறு ஆண்டே அதே முறையோடு வர்ஜீனியா சாம்பியனானது; எனவே ஓர் இரவைக்கொண்டு அம்முறையைப் பழிப்பது பொருந்தாது.

4. விகிதமும் எண்ணிக்கையும்

இத்தகைய இரவுகளைப் புரிந்துகொள்ளப் புள்ளியியலாளர் கென் பொமராயின் விளக்கம் உதவும். எதிரணியின் மும்புள்ளி வெற்றி விகிதம் தடுப்பவர் கையில் பெரிதாக இல்லை. எத்தனை முறை எறிய விடுகிறோம் என்பதில்தான் அவருக்குக் கூடுதல் பிடி உண்டு. எறிந்த பின் கையை உயர்த்துவதைவிட, எறியவே இடம் தராமல் ஷூட்டரை உள்ளே ஓட்டிவிடுவது மேல் என்பது இதிலிருந்து பெறப்படும்.

அதற்கும் ஓர் எல்லை உண்டு. 2018 தேசியத் தொடரின் அரையிறுதியில் கான்சாஸுக்கு எதிராக வில்லனோவா 18 மும்புள்ளிகள் போட்டது. அதன் உயரமான ஆட்டக்காரர்களும் வெளியிலிருந்து எறியக்கூடியவர்கள். அவர்களைக் காப்பவர் வளையத்தடியை விட்டு வந்தால் உள்ளே வழி திறக்கும். வராவிட்டால் வெளியே எறிதல் கிடைக்கும். 2019–20 பருவத்தில் கோடு 22 அடி 1¾ அங்குலத்துக்குத் தள்ளப்பட்டபோது, காக்க வேண்டிய பரப்பு இன்னும் விரிந்தது.

முடிவு

ஷூட்டரை யார் காப்பது என்பது பாதிக் கேள்விதான். அவருக்காக உதவிக்கு வருபவர் யாரை விட்டு வருகிறார் என்பது மறுபாதி. ஸ்மார்ட்டும் டேவிட்சனின் நால்வரும் அந்த மறுபாதியில் நின்றவர்கள். விட்டு வரத்தக்க ஆளே இல்லாத அணியாக இருந்ததுதான் வில்லனோவாவின் பலம்.