பாரிசி–சூர்லாஸ் மீச்சமச்சீர்மை

போசான் புலங்களையும் ஃபெர்மியான் புலங்களையும் ஒன்றோடொன்று பிணைக்கும் சமச்சீர்மை மீச்சமச்சீர்மை எனப்படும். துகள் இயற்பியலில் வளர்ந்த இக்கருத்து ஒழுங்கற்ற காந்தங்களின் மாறுநிலையிலும் (ஒழுங்கு தோன்றி மறையும் புள்ளியிலும்) தலைகாட்டுகிறது என்று 1979-இல் ஜார்ஜியோ பாரிசியும் நிக்கோலா சூர்லாஸும் காட்டினர். அது எந்தப் பரிமாணத்தில் நிலைக்கிறது, எதில் குலைகிறது என்ற கேள்வி அன்றுமுதல், அமைப்பை வெவ்வேறு நீள அளவுகளில் ஆராயும் மறுஇயல்பாக்கக் குழு முறைகளுக்கு உரைகல்லாக இருந்துவருகிறது.

காந்தத்தின் எளிய மாதிரியான ஐசிங் மாதிரியில் ஒவ்வொரு தற்சுழற்சியும் மேலோ கீழோ நோக்கும். அண்டையில் உள்ளவை ஒரே திசையை நாடும். இடத்துக்கு இடம் மாறும் சமவாய்ப்புக் காந்தப் புலம் ஒன்று குறுக்கிட்டால் ஒழுங்கு நிலைக்குமா? 1975-இல் யோசெஃப் இம்ரியும் ஷாங்-கெங் மாவும் எளிய கணக்கொன்று போட்டனர். முப்பரிமாணக் காந்தத்தில் ஒரு கனசதுரப் பகுதியைத் தலைகீழாகத் திருப்பினால், புலத்தால் கிடைக்கும் ஆற்றல் லாபம் பக்க நீளத்தின் 1.5-ஆம் அடுக்காக வளரும். எல்லைச் சுவருக்கான செலவோ 2-ஆம் அடுக்காக வளரும். பகுதி பெரிதாகப் பெரிதாகச் செலவே மிஞ்சும், ஆகவே புலம் வலுக் குறைந்ததாக இருக்கும்வரை ஒழுங்கு குலையாது. இரு பரிமாணத்தில் இரண்டும் முதல் அடுக்கிலேயே வளர்வதால் அந்தப் பாதுகாப்பு இல்லை.

மறு ஆண்டே அகரோனி, இம்ரி, மா மூவரும், சிறு திருத்தங்களைப் படிப்படியாகக் கூட்டும் சிற்றலைவுக் கணக்கில் வேறொன்றைக் கண்டனர்: சமவாய்ப்புப் புலமுள்ள அமைப்பின் மாறுநிலை, இரண்டு பரிமாணம் குறைந்த தூய அமைப்பின் மாறுநிலையோடு ஒவ்வொரு படியிலும் ஒத்துப்போனது (பரிமாணச் சுருக்கம்). பாரிசியும் சூர்லாஸும் தந்தது இதற்கான காரணம். புலச் சமன்பாட்டின் தீர்வுகள்மீது சராசரி எடுக்கையில் ஓர் அணிக்கோவை வருகிறது. அதை ஃபெர்மியான் புலங்களால் எழுதினால் மீச்சமச்சீர்மை வெளிப்படுகிறது. சாதாரண வெளியோடு, பெருக்கும் வரிசையை மாற்றினால் குறி மாறும் இரண்டு ஆயங்கள் சேர்கின்றன. அவ்விரண்டும் சேர்ந்து கழித்தல் 2 பரிமாணமாகக் கணக்கில் வருகின்றன. இயற்பியலில் இதற்கு இணையான அழகுள்ள வாதங்கள் அதிகமில்லை.

ஆனால் விடை இடித்தது. முப்பரிமாணம் ஒரு பரிமாணமாகச் சுருங்கினால் ஒழுங்கே இருக்க முடியாது. இம்ரி–மா கணக்கு இருக்கும் என்கிறது. சமவாய்ப்புப் புல ஐசிங் அமைப்புபோல் நடக்கும், புலத்தில் வைத்த நீர்த்த எதிர்ஃபெர்ரோ காந்தங்களை அளந்த ஆய்வகங்களும் இரு கட்சியாயின. 1984-இல் ஜான் இம்ப்ரி சுழி வெப்பநிலையில் முப்பரிமாண ஒழுங்கைக் கணித முறைப்படி நிறுவினார். 1987-இல் பிரிக்மோனும் குப்பியாய்னனும், மறுஇயல்பாக்கக் குழு முறையாலேயே, சுழிக்கு மேற்பட்ட தாழ் வெப்பநிலைகளுக்கும் அதை நிறுவினர்.

பிழை இருந்த இடம் சமன்பாட்டின் தீர்வுகள். அவை பல. அணிக்கோவையின் குறியோடு எல்லாவற்றையும் கூட்டும் முறை, உண்மையில் வேண்டிய, ஆற்றல் மிகக் குறைந்த தீர்வைத் தனியே பிரித்தெடுப்பதில்லை. சிற்றலைவுக் கணக்குக்கோ ஒரே தீர்வுதான் கண்ணில் படும். இதைக் கணக்கில் பிடிக்க முயன்றது சார்பு மறுஇயல்பாக்கக் குழு. 2004 முதல் ழில் தார்ஜுஸும் மாத்தியூ திசியேயும் ஒழுங்கின்மையின் ஒட்டுறவை ஒருசில எண்களாகச் சுருக்காமல் முழுச் சார்பாகவே பாயவிட்டனர். அவர்கள் கணக்கில், பரிமாணம் ஏறத்தாழ 5.1-க்குக் கீழே போனால் அச்சார்பில் ஒரு கூர்முனை முளைக்கிறது. புலத்தைச் சற்றே மாற்றினாலும் பெருந்திரளான தற்சுழற்சிகள் ஒருசேரப் புரளும் சரிவுகளின் தடயம் அது. அங்கே மீச்சமச்சீர்மை தானாக முறிகிறது.

ஃபிட்டாஸும் கூட்டாளிகளும் நடத்திய பெரும் கணினிக் கணக்குகள் 4 பரிமாணத்தில் பரிமாணச் சுருக்கம் பொய்ப்பதையும், 5 பரிமாணத்தில் தூய முப்பரிமாண ஐசிங்கின் அடுக்கெண்கள் மீண்டும் வருவதையும் காட்டின. 2019-இல் பாரிசியும் சூர்லாஸும் சேர்ந்த குழுவே 5 பரிமாணத்தில் மீச்சமச்சீர்மைக்கு நேரடிச் சான்று வெளியிட்டது.

கிளைத்த பாலிமர்களில் மீச்சமச்சீர்மை முறியும் இந்தச் சிக்கல் எழவில்லை. அவற்றின் மாறுநிலை, இரண்டு பரிமாணம் குறைந்த யாங்–லீ மாறுநிலையாக (கற்பனை எண் மதிப்புள்ள புலத்தில் ஐசிங் மாதிரி காட்டுவது) மாறும் என்று பாரிசியும் சூர்லாஸும் 1981-இல் சொன்னதை, டேவிட் பிரிட்ஜஸும் இம்ப்ரியும் 2003-இல் ஒரு மாதிரிக்குத் துல்லியமாக நிறுவினர்.

ஐசிங் வழக்கில் முறிவின் விளக்கம் இன்னும் விவாதத்தில் உள்ளது. அப்ரதிம் கவிராஜ், ஸ்லாவா ரிச்கோவ், எமிலியோ திரெவிசானி மூவரின் கணக்குப்படி, மீச்சமச்சீர்மையைக் குலைக்கும் செயலிகள் 4-க்கும் 5-க்கும் இடைப்பட்ட பரிமாணத்தில்தான் வலுப்பெற்று, மாறுநிலையை விவரிக்கும் நிலைப்புள்ளியைக் கவிழ்க்கின்றன. தார்ஜுஸ்–திசியே எல்லையான 5.1-உடன் இது பொருந்தவில்லை. 5 பரிமாணக் கணினி முடிவுகளும் அந்த எல்லைக்கு எதிராகத் தோன்றும். ஆனால் அந்த எல்லைப்படி 5 பரிமாணத்தில் வரவேண்டிய விலகல் மிகச் சிறியது. இன்றைய கணினிக் கணக்குகளின் பிழை வரம்புக்குள் அது அடங்கிவிடுகிறது.