கலகத்தை யார் பற்றவைத்தது?

1908 மார்ச் 13 திருநெல்வேலி எழுச்சியைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் 'கலகத் தீ பரவியது' என்றே எழுதிவிடுகிறார்கள். டவுண்காரனான எனக்கு இந்த உருவகத்தின்மேல் வெகுநாளாகவே சந்தேகம். தீ எப்படி எரிகிறது என்று கொஞ்சம் கேட்டுப் பார்த்தாலே உருவகம் ஆட்டம் கண்டுவிடும்.

1860-61 குளிர்காலத்தில் லண்டனில் மைக்கேல் பாரடே ஒரு மெழுகுவர்த்தியை முன்வைத்துச் சிறுவர்களுக்கு ஆறு சொற்பொழிவுகள் நிகழ்த்தினார். மெழுகு உருகித் திரியில் ஏறி ஆவியாகிறது. அந்த ஆவிதான் காற்றின் ஆக்சிஜனோடு கூடி எரிகிறது. மண்ணெண்ணெயும் அப்படித்தான். காகிதம்கூடச் சூட்டில் சிதைந்து வாயுவை வெளியிட்டால்தான் சுவாலை விடும். இறுகக் கட்டிய கோப்புக் கட்டு லேசில் எரியாது, உள்ளே காற்றுப் போக வழியில்லை. எரிபொருள், ஆக்சிஜன், வெப்பம் மூன்றும் கூடினால் போதும். குடிசையா கச்சேரியா என்று தீ பார்ப்பதில்லை.

அன்றைக்கு டவுணிலும் பாலத்துப் பக்கத்திலும் கூடிய ஜனங்கள் பார்த்தார்கள். வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் கைதான மறுநாள் அது. நகராட்சி அலுவலகம், போலீஸ் ஸ்டேஷன், தபால் ஆபீஸ், நகராட்சியின் மண்ணெண்ணெய்க் கிடங்கு என அவர்கள் கைவைத்தவை பெரும்பாலும் அரசாங்கத்தின் இடங்கள். துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் செத்தார்கள்.

கிளர்ச்சியைக் காட்டுத்தீயாகவும் பூகம்பமாகவும் தொற்றுநோயாகவும் எழுதுவது அதிகாரத்தின் உரைநடை என்று ரணஜித் குஹா 1983இல் காட்டினார். இயற்கைச் சீற்றம் என்று எழுதிவிட்டால் அதில் சிந்தித்தவர், முடிவெடுத்தவர் என்று யாரும் இருக்க மாட்டார்கள். 'தேசபக்திக் கனல்' என்று எழுதும் நம் தேசிய வரலாறும் இதையேதான் செய்கிறது. வெள்ளைக்காரன் பழித்ததை இது புகழ்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். வேடிக்கை என்னவென்றால், சர்க்காருக்கு விஷயம் தெரிந்தே இருந்தது. தண்டக் காவல்படையை நிறுத்தி அதன் செலவை ஊர் ஜனங்கள் தலையில் வரியாகக் கட்டியது. காட்டுத்தீக்கு யாராவது வரி போடுவார்களா?

தமிழ் படித்தவன் என்பதால் எனக்கு இது இலக்கணச் சிக்கலாகவும் படுகிறது. 'தீப்பிடித்தது' என்றால் செய்தவர் இல்லை. 'தீ வைத்தார்கள்' என்றால் உண்டு. 1908இல் மறைந்துபோகிறவர்கள் ஆளப்பட்டவர்கள். 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் ஒரே குடிசைக்குள் 44 தலித்துகள் எரிக்கப்பட்டார்கள். குற்றம் சாட்டப்பட்ட மிராசுதார்களை உயர்நீதிமன்றம் விடுவித்தது. அங்கே மறைந்துபோனவர்கள் ஆண்டைகள். எழுவாய் இல்லாத வாக்கியம் இரண்டு இடத்திலும் அதிகாரத்துக்கே உதவியிருக்கிறது. 'கலவரத் தீ' என்று இன்றைய செய்தித்தாளில் படிக்கும்போதும் நாம் தேட வேண்டியது அந்த எழுவாயைத்தான்.