மீள்பதிப்பும் மறைந்துபோன கரங்களும்
அமெரிக்க அதிமானுட வீரர் சித்திரக்கதைகள் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

வெகுசன இலக்கிய வடிவங்களுள் கல்வியுலகம் மிகத் தாமதமாகவே ஆய்வுக்குரியதென ஏற்றுக்கொண்டவற்றில் ஒன்று சித்திரக்கதையாகும். சிறுவர் வாசித்துவிட்டு வீசியெறியும் பொருளெனக் கருதப்பட்ட அமெரிக்க அதிமானுட வீரர் கதைகள், 1960களிலிருந்து படிப்படியாகத் தொகுக்கப்பட்டு, கெட்டி அட்டையிட்ட நூல்களாக மீள்பதிப்பிக்கப்பட்டு வந்துள்ளன. பழையதொன்றை மீண்டும் அச்சிடுவது வெறுமனே பேணுதற் பணி என்ற எண்ணம் பொதுவாக நிலவுகின்றது. ஆயின், எதனை அச்சிடுவது, எவ்வுருவில் அச்சிடுவது, யாருடைய பெயரால் அச்சிடுவது என்னும் வினாக்களுக்கு விடையளிப்பவை உடைமை உறவுகளே என்பதை இக்கட்டுரையில் எடுத்துக்காட்ட விழைகின்றோம்.

மீள்பதிப்பு இவ்வடிவத்தின் வரலாற்றிற் பின்னாளில் வந்து சேர்ந்ததன்று. இவ்வடிவம் பிறந்ததே மீள்பதிப்பாகத்தான். 1933ஆம், 1934ஆம் ஆண்டுகளில் ஈஸ்ரேண் கலர் அச்சகம், நாளிதழ்களில் ஏற்கனவே வெளிவந்த சித்திரத் தொடர்களைத் திரட்டிச் சிற்றிதழ்களாக வெளியிட்டது. அவற்றுள் ஒன்றான 'பேமஸ் பன்னீஸ்' 10 சதத்திற்கு விற்பனையாயிற்று. இத்தகைய இதழ்கள் பெருகவே, புதிய ஆக்கங்களைக் குறைந்த கூலிக்குப் பெறவேண்டிய தேவை எழுந்தது. பெரும் பொருளாதார மந்தத்தால் வேலையற்றிருந்த இளைஞர், அவர்களுட் பலர் யூதக் குடியேறிகளின் பிள்ளைகள், இத்தொழிலுக்கு வந்தனர். ஒருவர் கதை எழுத, மற்றொருவர் பென்சிலாற் கோடு வரைய, வேறொருவர் அதன்மேல் மையிட, இன்னொருவர் உரையாடல்களை எழுதும் முறை பல பணிமனைகளில் நிலவியது. தொழிற்சாலைக்குரிய வேலைப்பிரிவினை கலையாக்கத்தினுட் புகுந்தமைக்கு இது தக்க சான்றாகும். கூலி பக்கக் கணக்கில் வழங்கப்பட்டது.

கிளீவ்லன்ட் நகரைச் சேர்ந்த எழுத்தாளர் ஜெரி சீகலும் ஓவியர் ஜோ ஷுஸ்ரரும் சுப்பர்மானின் முதற் கதையை விற்றமை இப்பின்னணியிலேயே நோக்கப்படவேண்டும். பக்கத்துக்கு 10 டொலர் வீதம் 13 பக்கங்களுக்கு அவர்கள் பெற்றது 130 டொலர். பாத்திரத்தின் மீதான உரிமை முழுவதும் அத்தொகையுடன் கைமாறிற்று. 1938 ஜூன் எனத் திகதியிடப்பட்ட 'அக்ஷன் கொமிக்ஸ்' முதலிதழில் அக்கதை வெளிவந்தது. 1939இல் சுப்பர்மானுக்கெனத் தனியிதழ் தொடங்கப்பட்டபோது, அதன் முதலிதழ் பெரும்பாலும் முன்னர் வெளிவந்த கதைகளையே மீண்டும் தாங்கி வந்தது. ஒரு முறை விற்கப்பட்ட உழைப்பை, வாங்கியவர் எத்தனை முறையும் விற்கலாம் என்பதே இத்தொழிலின் இலாபத்துக்கு அடிப்படையாய் அமைந்தது.

ஆக்கியோருக்கு உரிமை இல்லாதது போலவே ஆக்கங்களுக்கும் நிலைபேறு இருக்கவில்லை. இரண்டாம் உலகப் போர்க்காலக் கடதாசிச் சேகரிப்பில் எண்ணற்ற பிரதிகள் கூழாயின. 1948இல் நியூயோர்க் மாநிலத்தின் பிங்ஹம்ரன் உட்படச் சில ஊர்களிற் சித்திரக்கதைகள் குவிக்கப்பட்டுப் பகிரங்கமாக எரிக்கப்பட்டன. 1954இல் உளமருத்துவர் பிறெட்றிக் வேர்தம் எழுதிய கண்டன நூலும், அவ்வாண்டு நடைபெற்ற செனற் உபகுழு விசாரணைகளும் வெளியீட்டாளரைத் தாமே ஒரு தணிக்கை விதிக்கோவையை ஏற்கச் செய்தன. மூல ஓவியங்களோ அச்சான பின்னர் பயனற்றவையெனப் பெருமளவு கழிக்கப்பட்டன. இவ்வழிவே எஞ்சிய பிரதிகளை அரும்பொருளாக்கியது. 10 சத விலையுடைய 'அக்ஷன் கொமிக்ஸ்' முதலிதழின் பிரதியொன்று 2014இல் 32 இலட்சம் டொலருக்கு விலைபோயிற்று. அதற்கு இரண்டாண்டு முன்னர், அந்த 130 டொலர் அடங்கிய காசோலை 160,000 டொலருக்கு ஏலம் போனது. வறியோர் பெற்ற கூலியின் சான்றுச் சீட்டே செல்வரின் சேகரிப்புப் பொருளாயிற்று.

மூலப் பிரதிகள் எட்டாப் பொருளானமையால் தொகுப்பு நூல்களின் முக்கியத்துவம் மிகுந்தது. 1965இல் கேலிச்சித்திரக்காரர் ஜூல்ஸ் பைபர், 1940ஐ அண்டிய காலத்துக் கதைகளைத் தெரிந்தெடுத்து, தமது நீண்ட கட்டுரையுடன் வெளியிட்ட நூல் இத்துறையின் முன்னோடி எனலாம். சித்திரக்கதை வளாகத்துக்கு வெளியே நின்ற இழிவழக்கு இலக்கியம் என்பதை மறுக்காமலே, அதனைக் கருத்தூன்றி நோக்கியவர் அவர். 1987இல் மார்வல் நிறுவனமும் 1989இல் டீ.சி. நிறுவனமும் வரன்முறையான கெட்டி அட்டைத் தொகுப்பு வரிசைகளைத் தொடங்கின.

இத்தொகுப்புகளிற் பதிப்பியற் சிக்கல் ஒன்றுண்டு. மூல ஓவியமும் அச்சுப் படச்சுருளும் கிடைக்காதவிடத்துப் பழைய இதழையே மூலமாகக் கொள்ளவேண்டியிருந்தது. அதன் பக்கங்களிலிருந்து வண்ணத்தை இரசாயன முறையில் நீக்கிக் கருங்கோடுகளை மட்டும் எஞ்சவைப்பதும், சிலவேளை அக்கோடுகளை மீள வரைவதும் வழக்கமாயின. மலிவான செய்தித்தாளில் மங்கித் தோன்றவென இடப்பட்ட வண்ணங்கள் வழவழப்பான தாளிற் கண்ணைப் பறிக்கும் நிறங்களாயின. ஏட்டுச் சுவடியைப் பெயர்த்தெழுதுவோன் கை பாடபேதத்தை உண்டாக்குவதுபோல், இங்கும் மூலத்துக்கும் வாசகனுக்குமிடையே பெயர் அறியப்படாத இன்னொரு கை தொழிற்படுகின்றது.

எனினும் இம்மீள்பதிப்புகள் ஆய்வாளனுக்கு அளித்துள்ள பயன் பெரிது. பிற்காலத்தில் நிலவிய ஒழுங்கின் காவலனாகவே அறியப்பட்ட சுப்பர்மான், தொடக்க ஆண்டுகளில் வேறொருவனாக இருந்தமையை அவை வெளிக்கொணர்ந்தன. 1938இல் வெளிவந்த கதையொன்றில், பாதுகாப்பற்ற சுரங்கத்தின் உரிமையாளனையும் அவன் விருந்தினரையும் அச்சுரங்கத்தினுள்ளேயே அகப்படச் செய்து, தொழிலாளர் அன்றாடம் எதிர்கொள்ளும் அபாயத்தை அவர்களுக்கு உணர்த்துகின்றான். 1939 தொடக்கத்தில் வெளிவந்த இன்னொரு கதையிலே, அரசு புதிய வீடுகளைக் கட்டியே ஆகவேண்டும் என்பதற்காகச் சேரிக் குடியிருப்புகளை இடித்துத் தள்ளுகின்றான். ரூஸ்வெல்ற் ஆட்சிக்காலச் சீர்திருத்த உணர்வும் ஆக்கியோரின் வறுமை அனுபவமும் இக்கதைகளிற் கலந்துள்ளன. இங்கும் தனியொருவனின் பலமே விடிவைத் தருகின்றது, தொழிலாளர் ஒன்றுதிரள்வதில்லை. ஆயினும் அநீதியின் ஊற்று எங்குள்ளதென்பதை அவை தெளிவாகவே சுட்டின. 2006இல் இக்கதைகள் வெளிவந்த கால ஒழுங்கில் மலிவு விலைத் தொகுப்பாக அச்சானபோது, இம்மாற்றத்தைச் சாதாரண வாசகரும் பின்தொடர முடிந்தது.

அதே தொகுப்பு முயற்சிகள் மறைக்க விரும்பக்கூடியவற்றையும் வெளிப்படுத்தின. போர்க்காலக் கதைகளில் யப்பானியரும் கறுப்பின மக்களும் மனிதத் தன்மை குன்றிய கேலியுருக்களாக வரையப்பட்டிருந்தனர். 1941 மார்ச் எனத் திகதியிடப்பட்ட முதலிதழின் அட்டையிலேயே ஹிற்லரைக் கப்ரன் அமெரிக்கா தாக்குவதாகக் காட்டிய துணிவையும், இவ்வினவாதத்தையும் ஒரே பதிப்பகத்தின் அக்காலப் பக்கங்களில் நாம் காண்கின்றோம். அவற்றை நீக்காது அச்சிடுவதே வரலாற்று நேர்மையாகும்.

இனி, பெயர் பற்றிய வினாவுக்கு வருவோம். 1947இல் சீகலும் ஷுஸ்ரரும் உரிமை கோரி வழக்காடினர். வழக்கு 1948இல் உடன்பாட்டில் முடிவுற்றபின், அவர்கள் படைத்த பாத்திரத்தின் கதைகளிலிருந்து அவர்களது பெயர்கள் அகற்றப்பட்டன. 1975இல், பெருஞ்செலவிலான சுப்பர்மான் திரைப்படம் தயாராகிக்கொண்டிருந்த வேளையில், சீகல் தம் நிலையைப் பகிரங்கப்படுத்தினார். ஷுஸ்ரரின் பார்வை அப்போது பெரிதும் குன்றியிருந்தது. நீல் அடம்ஸ், ஜெரி றொபின்சன் முதலிய சக ஓவியர்கள் முன்னின்று நடத்திய இயக்கத்தின் பயனாக, அவ்வாண்டு டிசெம்பரில் ஆளுக்கு ஆண்டொன்றுக்கு 20,000 டொலர் வழங்கவும் பெயர்களை மீள இடவும் நிறுவனம் இணங்கியது.

மார்வல் நிறுவனத்தில் நிகழ்ந்தது இதற்கு ஒப்பானதே. 1974இல் வெளிவந்த மீள்பதிப்புத் தொகுப்பொன்றில், பாத்திரங்களின் தோற்றக் கதையைப் பதிப்பாசிரியரான ஸ்ரான் லீ தமது முன்னுரைகளிற் கூறினார். அவற்றை அவருடன் உருவாக்கிய ஓவியர் ஜக் கேர்பியும் ஸ்ரீவ் டிற்கோவும் அப்போது அந்நிறுவனத்தில் இருக்கவில்லை. இவ்வாறு மீள்பதிப்பின் முன்னுரை ஒருவரின் கூற்றை வரலாறாக்கிற்று. கேர்பி தாம் வரைந்த மூல ஓவியங்களைத் திருப்பிக் கேட்டு நீண்டகாலம் போராடவேண்டியிருந்தது. 1987இல் அவருக்குக் கிடைத்தவை அவர் வரைந்தவற்றில் ஒரு பகுதி மட்டுமே. அவர் 1994இல் மறைந்தார். அவரது பிள்ளைகளின் வழக்கு 2014இலேயே உடன்பாட்டுக்கு வந்தது. பற்மானை உருவாக்குவதிற் பெரும்பங்கு கொண்ட எழுத்தாளர் பில் பிங்கர் 1974இல் இறந்தார். 1939இற் பிறந்த அப்பாத்திரத்தின் தொகுப்புகளெல்லாம் நெடுங்காலம் பொப் கேன் ஒருவரையே ஆக்கியோராகக் குறித்தன. 2015இலேயே பிங்கரின் பெயர் முறைப்படி இணைக்கப்பட்டது.

இவற்றைத் தொகுத்து நோக்கின், ஆக்கங்களைக் காத்தது மீள்பதிப்பு எனினும், ஆக்கியோரை மீட்டது அவர்களும் சக தொழிலாளரும் குடும்பத்தினரும் நடத்திய போராட்டமே என்பது புலனாகும். வெகுசனக் கலையை ஆராய்வோர் கதையின் கருத்தியலை ஆராய்வதுடன் அமைந்துவிடுகின்றனர். அக்கதை எத்தகைய கூலி உறவில் உருவாயிற்று என்பதும் ஆய்வின் பகுதியாதல் வேண்டும். அழகிய தாளில், கெட்டி அட்டையில் ஒரு தொகுப்பு நம் கைக்கு வரும்போது முதலிற் பார்க்கவேண்டிய பக்கம், யாருடைய பெயர்கள் எந்த ஆண்டில் அங்கு இடம்பெற்றன எனக் காட்டும் பக்கமேயாகும்.