தனி ஒருவர் நடத்திய இதழ்கள்: மூன்று அளவுகோல்கள்

கல்லூரிகளுக்கிடையே நடைபெறும் கையெழுத்து இதழ்ப் போட்டிகளுக்கு நடுவராகச் செல்லும் வாய்ப்பு நமக்குப் பல ஆண்டுகளாகக் கிட்டிவருகிறது. அரங்கினுள் நுழைந்ததும் மதிப்பீட்டுத் தாள் ஒன்றைக் கையில் தருவார்கள். உள்ளடக்கத்திற்கு 40, வடிவமைப்பிற்கு 30, வாசக ஈர்ப்பிற்கு 30 என்று மூன்று கட்டங்கள் அதில் இருக்கும். கூட்டிப் போட்டால் நூறு. இந்தக் கணக்கின்மீது நமக்கு நெடுநாள் ஐயம் ஏதும் எழுந்ததில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் கணிதம் பயிலும் மாணவர் ஒருவர் தாம் தனியாகவே எழுதித் தைத்த இதழைக் கொண்டுவந்திருந்தார். பதினாறு பக்கம், நீல மை, படம் ஒன்றுகூட இல்லை. இதழ் முழுவதும் அவருடைய ஊர்க் கண்மாயைப் பற்றியது. எந்த மடைக்கு என்ன பெயர், எந்த மடையில் எவ்வளவு நிலம் பாய்ந்தது, நீர்பாய்ச்சியாக இருந்த முதியவர் எந்தக் குறியைப் பார்த்து மடையைத் திறப்பார் என்றெல்லாம் எழுதியிருந்தார். உள்ளடக்கத்திற்கு 31 அளித்தோம். வடிவமைப்பிற்கு 8. வாசக ஈர்ப்பிற்கு 6. முடிவு அறிவித்தபின் அவர் நம்மிடம் வந்து, "ஐயா, ஈர்ப்புன்னா யாரை ஈர்க்கணும்?" என்று கேட்டார். பொதுவாசகர்களை என்று ஏதோ சொல்லி அனுப்பிவிட்டோம். அடுத்த ஆண்டு அவர் வரவில்லை.

அந்தக் கேள்விக்கு நாம் சொன்ன விடை சரிதானா என்பதைத் தமிழ் இதழியல் வரலாற்றைக் கொண்டே சோதித்துப் பார்க்கும் முயற்சி இக்கட்டுரை. தனி ஒருவரின் விருப்பத்தாலும் பிடிவாதத்தாலும் நடந்த இரண்டு இதழ்களை இங்கே எடுத்துக்கொள்கிறோம். ஒன்று சி.சு. செல்லப்பாவின் ‘எழுத்து’. மற்றது வை.மு. கோதைநாயகி அம்மாளின் ‘ஜகன்மோகினி’. இரண்டுமே சென்னைத் திருவல்லிக்கேணியோடு தொடர்புடையவை. மற்றபடி இரண்டிற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

உள்ளடக்கம்

‘எழுத்து’ 1959 ஜனவரியில் தொடங்கியது. அன்றைய தமிழ்ப் பத்திரிகை உலகம் ‘ஆனந்த விகடன்’, ‘கல்கி’, ‘குமுதம்’ ஆகிய வார இதழ்களின் ஆட்சியில் இருந்தது. தொடர்கதைதான் அவற்றின் உயிர்நாடி. அந்த உலகத்தை அறியாதவர் அல்லர் செல்லப்பா. ‘மணிக்கொடி’யில் சிறுகதைகள் எழுதியவர். ‘தினமணி கதிரி’ல் பணியாற்றியவர். பலரையும் கவரும் பத்திரிகை எப்படி நடக்கிறது என்பதை உள்ளிருந்து பார்த்தவர். பார்த்த பின்னரே அதற்கு நேர் எதிரான ஒன்றைத் தொடங்கினார் என்பது கவனிக்கத்தக்கது.

‘எழுத்து’வின் மையம் விமர்சனம். ஒரு படைப்பை எடுத்துக்கொண்டு அதன் சொல், கட்டமைப்பு, நோக்குநிலை ஆகியவற்றைப் பகுத்துப் பார்க்கும் அலசல் முறையைச் செல்லப்பா அதில் வளர்த்தெடுத்தார். நல்லது, நல்லதன்று என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு நகர்வது அவருக்குப் போதவில்லை. ஏன் நல்லது என்பதைப் படைப்பினுள்ளிருந்தே எடுத்துக்காட்ட வேண்டும் என்று வற்புறுத்தினார். மௌனியின் கதைகளைப் பற்றி அவர் எழுதிய நீண்ட கட்டுரைகள் இதற்குச் சான்று.

விமர்சனத்திற்கென்று தொடங்கிய இதழ் கவிதையால் நிலைபெற்றது. ந. பிச்சமூர்த்தி நெடுங்காலத்திற்குப் பின் கவிதைக்குத் திரும்பிவர ‘எழுத்து’ களம் அமைத்துக் கொடுத்தது. சுந்தர ராமசாமி ‘பசுவய்யா’ என்ற பெயரில் 1959இல் அதில் கவிதை எழுதத் தொடங்கினார். திருகோணமலையிலிருந்து தருமு சிவராமு என்னும் இருபது வயதைச் சற்றே கடந்த இளைஞர் எழுதினார். பின்னாளில் பிரமிள் என்று அறியப்பட்டவர் அவரே. சி. மணியின் ‘நரகம்’ என்ற நெடுங்கவிதையும் ‘எழுத்து’வில்தான் வெளிவந்தது. இவற்றிலிருந்து 24 கவிஞர்களின் 63 கவிதைகளைத் தேர்ந்தெடுத்து 1962இல் செல்லப்பா வெளியிட்ட தொகுப்பே ‘புதுக்குரல்கள்’. புதுக்கவிதையைப் பற்றிப் பேச எழும் எவரும் இன்றும் அத்தொகுப்பைத் தொடாமல் பேச முடியாது.

குறை இல்லாமல் இல்லை. செல்லப்பாவின் கட்டுரைநடை கரடுமுரடானது. ஒரு சொற்றொடருக்குள் நான்கு சொற்றொடர்களை ஏற்றிவிடுவார். வகுப்பில் அவருடைய விமர்சனத்தை உரக்க வாசித்தால் மாணவர்களோடு நாமும் மூச்சு வாங்க நேரிடுகிறது. ஆயினும் இந்தக் கட்டத்தில் நாற்பதுக்கு முப்பத்தைந்துக்குக் குறையாமல் எந்த நடுவரும் அளிப்பார்.

வடிவமைப்பு

அடுத்த கட்டத்தில்தான் இடறுகிறோம். தமிழ் இதழ்களில் ஓவியத்தின் செல்வாக்கு சிறிதன்று. பாரதியின் ‘இந்தியா’ வார இதழ் 1906இல் தொடங்கியதிலிருந்தே கருத்துப்படங்களின் ஆற்றலை நன்கு உணர்ந்திருந்தது. எழுத்தறியாதவரும் பார்த்துப் புரிந்துகொள்ளும் அரசியல் அது. ‘கல்கி’யில் 1950இல் தொடங்கிய ‘பொன்னியின் செல்வ’னை மணியத்தின் ஓவியங்களிலிருந்து பிரித்து நினைக்க இயலாத வாசகர்கள் இன்றும் இருக்கிறார்கள். கோபுலுவின் கோடுகள் இன்றி ‘தில்லானா மோகனாம்பா’ளும் இல்லை.

இவற்றோடு ஒப்பிட்டால் ‘எழுத்து’ துறவியின் அறை. வண்ண அட்டை இல்லை. கதைக்குப் படம் இல்லை. இதில் பணத்தட்டுப்பாட்டிற்கும் பங்குண்டு. ஈய எழுத்துகளைக் கையால் கோர்த்து அச்சடித்த காலம் அது. ஒவ்வொரு படத்திற்கும் தனியாக பிளாக் செய்ய வேண்டும். அதற்குத் தனிச்செலவு. தனி ஒருவர் தம் பொறுப்பில் நடத்தும் இதழுக்கு அது தாங்காது.

ஆனால் செலவை மட்டும் காரணமாக்கிவிட்டால் முக்கியமான ஒன்றைத் தவறவிடுவோம். புதுக்கவிதை என்பது செவிக்கு மட்டும் உரியதன்று, கண்ணுக்கும் உரியது. மரபுக்கவிதையில் அடி எங்கே முடிகிறது என்பதை யாப்பு சொல்லிவிடும். உரைநடைபோல் தொடர்ந்து அச்சிட்டாலும் பயின்ற செவி அதை மீட்டெடுத்துவிடும். யாப்பைத் துறந்த கவிதைக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. வரி எங்கே முறிகிறது என்பதை அச்சுப் பக்கம்தான் காட்ட வேண்டும். ஒற்றைச் சொல் ஒரு வரியாக நிற்கும்போது அதன் வலப்புறம் முழுவதும் வெற்றுத்தாள். காகிதத்தைக் கணக்குப் பார்த்து வாங்கும் பத்திரிகையில் வெற்றிடம் என்பது வீண்செலவு. வார இதழ்கள் அத்தகைய வெற்றிடத்தைத் துணுக்குகளால் நிரப்பும். ‘எழுத்து’ அதைக் கவிதைக்கு விட்டுக்கொடுத்தது.

பழைய இதழ்களின் கட்டட அடைவை நூலகத்தில் புரட்டியபோது இதை நாம் முதன்முறையாகக் கண்டுணர்ந்தோம். படமின்மையை அதுவரை வடிவமைப்பின்மை என்றே எண்ணியிருந்தோம். பக்கத்தில் எதை வைக்கலாகாது என்று முடிவெடுப்பதும் வடிவமைப்புதான். மதிப்பீட்டுத் தாளில் அதற்கு இடம் இருக்கவில்லை.

வாசக ஈர்ப்பு

‘எழுத்து’வைக் கடைகளில் தொங்கவிடுவதில்லை, சந்தாதாரர்களுக்கே அனுப்புவது, இரண்டாயிரம் பிரதிகளுக்கு மேல் அச்சிடுவதில்லை என்பவை செல்லப்பா தமக்குத் தாமே விதித்துக்கொண்ட கட்டுப்பாடுகள். அந்த உச்சவரம்பை மீறிவிடுவோமோ என்ற கவலை அவருக்கு ஒருநாளும் நேரவில்லை என்பது கசப்பான நகைச்சுவை. கடைசிக் காலத்தில் மாத இதழ் காலாண்டிதழாகியது. 119 இதழ்களோடு 1970இல் நின்றது. ‘எழுத்து பிரசுரம்’ வெளியிட்ட நூல்களை மூட்டையாகச் சுமந்துகொண்டு ஊர் ஊராக, கல்லூரி கல்லூரியாக அவர் விற்கச் சென்றதைப் பார்த்தவர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். அந்தக் கல்லூரிகளில் அவரை வாயிலோடு அனுப்பிய தமிழ்த்துறைகளும் இருந்திருக்கும் என்று எண்ணும்போது நம் வகுப்பைச் சேர்ந்தவர்களை நினைத்துக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

தலைக்கணக்கு எடுத்தால் இந்தக் கட்டத்தில் ‘எழுத்து’வுக்கு மூன்று மதிப்பெண் கொடுக்கலாம். ஆனால் அந்தச் சில நூறு வாசகர்கள் என்ன ஆனார்கள் என்று தொடர்ந்து பார்த்தால் கணக்கு மாறுகிறது. தில்லியில் மத்திய அரசுப் பணியில் இருந்த வெங்கட் சாமிநாதன் ‘எழுத்து’வின் வழியே விமர்சகராக உருவானார். பின்னர் 1978இல் ‘யாத்ரா’ இதழுக்கு அவரே மையமாக விளங்கினார். சி. மணியின் ஈடுபாட்டால் சேலத்திலிருந்து 1968இல் ‘நடை’ வந்தது. ‘எழுத்து’ நின்ற அதே 1970இல் ‘கசடதபற’ பிறந்தது. சுந்தர ராமசாமி 1988இல் ‘காலச்சுவ’டைத் தொடங்கினார். ஓர் இதழ் தன் வாசகரில் இத்தனை பேரை இதழாசிரியர்களாக ஆக்கியிருக்கிறது. இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

இது தமிழுக்கு மட்டும் உரிய அனுபவமன்று. இலண்டனில் சாமுவேல் ஜான்சன் 1750 மார்ச்சு முதல் 1752 மார்ச்சு வரை வாரம் இருமுறை ‘தி ராம்ப்ளர்’ என்ற தாளை வெளியிட்டார். 208 இதழ்கள். ஒரு சிலவற்றைத் தவிர யாவும் அவரே எழுதியவை. ஓர் இதழ் ஐந்நூறு பிரதிகள் அளவிலேயே விற்றது. அவையே நூலாகத் தொகுக்கப்பட்டபோது அவர் வாழ்நாளிலேயே பல பதிப்புகள் கண்டன. ஈர்ப்பு என்பது வெளியான வாரத்திலேயே அளந்து முடித்துவிடக்கூடியதன்று.

எதிர்ப்பக்கம்

இவ்வளவில் நிறுத்திக்கொண்டால் இலக்கிய இதழ் வாசகர்களான நாம் ஒருவர் முதுகை ஒருவர் தட்டிக்கொடுத்ததாக முடியும். குறைவாக விற்பதே தரத்தின் அடையாளம் என்ற மூடநம்பிக்கையும் நம்மிடையே உண்டு. அதற்கு மருந்து ‘ஜகன்மோகினி’.

கோதைநாயகி அம்மாள் 1901இல் பிறந்தவர். பள்ளிப் படிப்பு வாய்க்கப்பெறாதவர். தம் முதல் நாடகத்தை அவர் சொல்லச் சொல்லத் தோழி ஒருவர் எழுதினார். நின்றுபோயிருந்த ‘ஜகன்மோகினி’ இதழை 1925இல் ஏற்று, ஏறத்தாழ 35 ஆண்டுகள் நடத்தினார். விடுதலைப் போராட்டத்தில் சிறை சென்ற காலத்திலும் எழுதினார். 115 நாவல்கள் அவர் பெயரில் உள்ளன. அவற்றில் பலவும் தொடராக ‘ஜகன்மோகினி’யில் வந்தவை.

அவருடைய நாவல்களை ‘எழுத்து’வின் அலசல் முறைக்கு உட்படுத்தினால் பெரும்பாலானவை தேறமாட்டா. தற்செயல்களும் அறிவுரைகளும் மலிந்தவை. ஆனால் அந்த இதழுக்காகக் காத்திருந்தவர்கள் யார்? வீட்டைவிட்டு வெளியே செல்லும் உரிமை அரிதாயிருந்த பெண்கள் பலர் அதன் வாசகர்கள். கைம்மை, குழந்தை மணம், மது ஆகியவற்றைப் பற்றிய பேச்சு அவர்களுக்குக் கதையின் வழியே வந்து சேர்ந்தது. வாசிப்பதற்காகவே எழுத்துக் கற்றுக்கொள்ளும் ஆவலை அது எழுப்பியிருந்தால் அதுவும் ஓர் இலக்கியப் பணிதான். நம் இலக்கிய வரலாறுகள் அவருக்கு ஒரு பத்திக்கு மேல் ஒதுக்குவதில்லை. ‘எழுத்து’வைப் பொதுவாசகர் புறக்கணித்தது போலவே ‘ஜகன்மோகினி’யை நாம் புறக்கணித்திருக்கிறோம்.

ஆக, செல்லப்பாவும் கோதைநாயகி அம்மாளும் ஒரு செய்தியில் ஒத்திருந்தார்கள். தம் வாசகர் யார் என்பது இருவருக்கும் ஐயத்திற்கிடமின்றித் தெரிந்திருந்தது. உள்ளடக்கமும் வடிவமும் அந்தத் தெளிவிலிருந்து பிறந்தவை. வாசகர் யார் என்று கேளாமல் ஈர்ப்பை அளப்பது, மடை எதற்கென்று கேளாமல் நீரை அளப்பது போன்றது.

இந்த உவமை நமக்கு எங்கிருந்து கிடைத்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. அந்தக் கணித மாணவரின் இதழிலிருந்துதான். எட்டாம் மடையின் பெயரும், அதைத் திறக்க முதியவர் பார்க்கும் குறியும் நமக்கு இன்றும் நினைவிருக்கின்றன. அன்று முதற்பரிசு பெற்ற வண்ண இதழில் என்ன இருந்தது என்பது நினைவில்லை. அவருடைய வாசகர் அந்த ஊரார், அவர்களிலும் குறிப்பாகக் கண்மாயை அறியாமல் வளரும் பிள்ளைகள். அதை அவர் முதல் பக்கத்திலேயே எழுதியிருந்தார். நாம்தான் படித்துவிட்டு மறந்துபோய் மதிப்பெண் இட்டோம்.

கடந்த ஆண்டு மீண்டும் நடுவராக அழைத்தபோது, மதிப்பெண் இடுமுன் ஒவ்வோர் இதழாசிரியரிடமும் இது யாருக்கான இதழ் என்று கேட்டு அறிய அனுமதி வேண்டினோம். ஒருங்கிணைப்பாளர்கள் தயங்கி ஒப்புக்கொண்டார்கள். கூடுதலாக இரண்டு மணி நேரம் ஆயிற்று. சில மாணவர்கள் விடை சொல்லத் திணறினார்கள். ஒரு மாணவி, தம் பாட்டிக்காக எழுதியதாகவும், அதனால்தான் எழுத்துகளை இவ்வளவு பெரிதாக எழுதியதாகவும் சொன்னார். வடிவமைப்பிற்கு அவருக்கு 27 அளித்தோம்.