குடவோலையும் குடிமக்கள் பேரவையும்

மக்களைக் கேளாது விதிக்கப்படும் வரி, அதன் நோக்கம் எத்துணை நன்றாயினும், நிலைபெறுதல் அரிது. பிரெஞ்சு நாட்டின் அண்மைக்கால வரலாறு இதற்குச் சான்றாகும்.

காற்றில் கரிவளி பெருகுவதைத் தடுக்க எரிபொருள் வரியை உயர்த்த அந்நாட்டரசு முனைந்தது. 2018 நவம்பரில் மஞ்சள் மேலங்கி அணிந்த மக்கள் சாலைகளை மறித்தனர். சொந்த வண்டியன்றி வேலைக்குச் செல்ல வழியற்ற சிற்றூர் மக்களுக்கு அவ்வரி பெருஞ்சுமையாகத் தோன்றியது. அரசு வரியுயர்வைக் கைவிட்டது. அதன் பின்னரே அதிபர் மக்ரோன் குடிமக்கள் காலநிலைப் பேரவையை அமைத்தார்.

2019 அக்டோபரில் பாரிஸில் கூடிய அப்பேரவையின் உறுப்பினர் 150 பேரும் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுக்கப்பட்டோர் ஆவர். புவியை வெப்பமாக்கும் வளிகளை, 1990ஆம் ஆண்டின் அளவிலிருந்து 2030க்குள் குறைந்தது 40 விழுக்காடு, சமூகநீதி பிறழாமல் குறைப்பது எங்ஙனம் என்பதே அவர்கள்முன் வைக்கப்பட்ட வினா. அவர்கள் அறிஞர்களை வினவினர், தம்முள் வாதிட்டனர், 2020 ஜூனில் 149 பரிந்துரைகளை அளித்தனர்.

அவற்றை வடிகட்டாமல் முன்னெடுப்பதாக அதிபர் வாக்களித்திருந்தார். எனினும் மூன்றினை மறுத்தார். ஏற்றவற்றுள்ளும் பல மெலிந்தன. தொடர்வண்டியில் நான்கு மணி நேரத்திற்குள் சென்றடையக்கூடிய ஊர்களுக்கு உள்நாட்டு வானூர்தி வேண்டா என்றது பேரவை. 2021 ஆகஸ்டில் பிறந்த சட்டமோ அவ்வெல்லையை இரண்டரை மணியாகச் சுருக்கியது. அதற்கு முன்னரே, தம் பரிந்துரைகளை அரசு ஏற்றுக்கொண்ட விதத்திற்கு உறுப்பினர்கள் பத்துக்கு 3.3 மதிப்பெண்ணே வழங்கினர்.

குலுக்கல் முறை தமிழருக்குப் புதிதன்று. முதலாம் பராந்தக சோழனின் உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) குடவோலை முறையை விரித்துரைக்கின்றன. ஆங்குக் குடத்திலிருந்து எடுக்கப்பட்ட ஓலைக்கு உரியோர் பரிந்துரைத்து அமைந்தவர் அல்லர். ஏரி வாரியமாகவும் தோட்ட வாரியமாகவும் அமர்ந்து ஆட்சி செய்தவர். கணக்குக் காட்டத் தவறியவர் பெயர் மீண்டும் குடத்தில் இடப்படவில்லை. ஆயினும், நிலமும் மனையும் வேதக் கல்வியும் உடைய, 35 முதல் 70 அகவைக்குட்பட்டோர்க்கே அக்குடம் திறந்திருந்தது. ஏனையோர் பெயர் ஓலையில் ஏறவே இல்லை.

பாரிஸின் குடத்தில் எல்லார் பெயரும் இருந்தன, அதிகாரம் இல்லை. உத்தரமேரூரின் குடத்தில் அதிகாரம் இருந்தது. எல்லார் பெயரும் இல்லை. இவ்விரண்டும் ஒருங்கே அமையும் நாளில்தான், வெப்பமுறும் உலகைக் காக்கும் சட்டங்களை மக்கள் தம்முடையனவாகக் கொண்டு போற்றுவர்.